ஏழாம் மாதப் புள்ளி

பூங்கோதை ஓசூர் என்ற பொத்தானை அழுத்திவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். அதே நேரம் எதிர் அறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் கணவன் திருமாறனும் வந்தான். அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் கோயம்புத்தூரை அழுத்தியிருக்கிறான்.

காலையில் தஞ்சாவூருக்கு பஸ் ஏறும்போதுகூட ஓசூர் என்றுதான் பேசிக்கொண்டு வந்தார்கள். நான்கு வருடமாக இதே பேச்சு. நாகப்பட்டினத்துக்குள் கடல் வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு, முகாமில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தபடி இரண்டு ஊரையும் மாற்றி மாற்றி எடைபோட்டார்கள். ஓசூரில் வெயில் குறைவு, படகு மோட்டார் பிரித்துப் பூட்டிய கைக்கு உடனே வேலை கிடைக்கும். கோயம்புத்தூரில் அவனுடைய அண்ணன் இருக்கிறார், தண்ணீர் முறை தவறாமல் வருகிறது, பூங்கோதைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இடம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் ஓசூரில்தான் நன்றாக இருக்கிறதாம். இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்த்துச் சண்டை போட்டவர்கள் அந்த முகாமில் இவர்கள் மட்டுமல்ல. முகாமில் வைத்துப் பெற்றுக்கொள்ள வேண்டாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அவளுக்கு முப்பத்துமூன்று ஆகிவிட்டது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ஊர்தான். ஒரு முறை அழுத்தினால் அழுத்தியதுதான், பிறகு மாற முடியாது. மக்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுத்துவிடக் கூடாதே என்று அரசாங்கம் ஒரு கருவியையும் வைத்திருந்தது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையாது. சனங்கள் சோசியப் பெட்டி என்றார்கள். ஆறு மாதம் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். நடப்பது, தூங்குவது, போனில் பேசுவது எல்லாம் பட்டைக்குப் போகும். நாற்பது பக்க விண்ணப்பமும் உண்டு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் குடியேறினால் உங்கள் குடும்பம் எப்படி இருக்கும், அந்த ஊரில் எப்படி இருக்கும் என்று பெட்டி ஆயிரம் தடவை கணக்குப் போட்டுப் பார்க்கும். அதிகமாக வருவதைச் சின்னச் சின்னக் காட்சிகளாகக் காட்டும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் மயங்கிவிடக் கூடாதென்று புருசனுக்கு ஒரு அறை, பெண்சாதிக்கு ஒரு அறை.

"ஏங்க, ஓசூருன்னுதானே பேசிட்டு வந்தோம்?" என்றாள்.

"பேசிட்டுத்தான் வந்தோம்."

"பின்ன?"

"உள்ள பார்த்தேன்ல. நீ பாக்கலயா?"

பார்க்காமல் என்ன. ஓசூரில் அவளுக்கு ஒரு மகள். பள்ளி வாசலில் நின்றாள், சைக்கிள் பழகினாள், முன்பல் விழுந்த வாயைக் காட்டிச் சிரித்தாள். திருமாறனின் நெற்றி, பூங்கோதையின் காது. எட்டுக் காட்சிகள். எட்டிலும் திருமாறன் இருந்தான். தலையை வாரிவிடத் தெரியாமல் சீப்பை வைத்துக்கொண்டு அல்லாடினான். பூங்கோதை மட்டும் ஒன்றில்கூட இல்லை. படம் பிடிக்கிறவள் நானாக இருப்பேன் என்று முதல் மூன்று காட்சிவரை தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். கோயம்புத்தூரில் இருவரும் இருந்தார்கள். அழகான வீடு. இருவருக்கும் மெல்ல மெல்ல நரைத்தது. நடுவில் யாரும் வரவில்லை.

"நீ எங்க இருந்த அதுல?" என்று கேட்டான் திருமாறன்.

"அதெல்லாம் எதுக்கு? புள்ள நல்லா இருக்கால்ல."

"புள்ள இல்லாட்டிப் போவட்டும். எனக்கு நீ வேணும்."

"எனக்கு அவ வேணும்."

"பொறக்காத புள்ளைக்காக நீ செத்துப் போறேங்குற. நான் அதுக்குக் கையெழுத்துப் போடணுமா? ஆளைப் பாரு."

"மெதுவாப் பேசுங்க."

"மெதுவா என்னா பேசுறது?" அவன் குரல் உடைந்துவிட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை. அந்த நடைக்கூடத்தில் தினமும் நடக்கிற சண்டைதான் அது.

பெட்டியை இயக்குகிற ஹபீபா என்ற பெண்மணி வெளியே வந்தாள். நாற்பது தாண்டியவள், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள். "ரெண்டு பேரும் வேற வேற ஊரு அழுத்தியிருக்கீங்க. அஞ்சு மணிக்குள்ள ஒண்ணா அழுத்தலேன்னா குலுக்கல்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

"மேடம், ஓசூர்ல இவளுக்கு என்னா ஆவுது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை சார். பெட்டி இருக்கிறவங்களை மட்டும்தான் காட்டும். இல்லாதவங்களைப் பத்தி அது பேசாது."

"நீங்க பேசலாம்ல?"

அவன் கேட்ட விதம் ஹபீபாவை என்னவோ செய்திருக்க வேண்டும். இரு பக்கமும் பார்த்துவிட்டு, இருவரையும் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். "ஏன்னு சொல்ல முடியாது. எங்கே, எப்பன்னு வேணும்னா வரைபடத்துல காட்டுறேன். பச்சைப் புள்ளி நீங்க. நீலம் சாரு. மஞ்சள் குழந்தை."

திரையில் தமிழ்நாடு விரிந்தது. ஓசூரில் பச்சையும் நீலமும் ஒட்டி நின்றன. ஓரத்தில் மாதங்கள் ஓடின. கருவுற்ற ஏழாம் மாதம் பச்சைப் புள்ளி தனியாகக் கிளம்பியது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், இன்னும் கிழக்கே, நிலம் முடிகிற இடம்வரை போய் நின்றது. ஒன்பதாம் மாதம் அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. பச்சை அணைந்தது. நீலம் ஓடி வந்து மஞ்சளைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்குத் திரும்பியது.

பூங்கோதை பச்சை அணைந்த இடத்தை விரலால் தொட்டாள். "கோயம்புத்தூரையும் போடுங்க."

அங்கேயும் ஏழாம் மாதம் பச்சை கிளம்பியது. அதே கிழக்கு, அதே இடம். மஞ்சள் தோன்றி அணைந்தது. பச்சையும் நீலமும் மட்டும் திரும்பின.

"இது ஓசூர்லயும் நடக்கல, கோயம்புத்தூர்லயும் நடக்கல" என்றான் திருமாறன் மெதுவாக. "இது கருவைத்திட்டு."

கருவைத்திட்டு அவள் அம்மா வீடு. வேதாரண்யத்துக்குத் தெற்கே, மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மேட்டில் மிச்சமிருந்த ஒன்பது வீடுகளில் ஒன்று. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் படகில் ஒன்றரை மணி நேரம், அதுவும் காற்று விட்டால். விண்ணப்பத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் 'தலைப்பிரசவம் எங்கே?' என்று ஒரு கேள்வி இருந்தது. தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பத்து நாள் மல்லுக்கட்டியவர்கள், அந்த இடத்தில் 'தாய் வீட்டில்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்கள். அது ஒரு கேள்வியாகவே இருவருக்கும் தோன்றவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தால் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். வேறு எங்கே போவாள்?

"அதை அடிச்சுடுங்க மேடம்" என்றாள் பூங்கோதை. "குடியேறுற ஊருலயேன்னு போடுங்க."

ஹபீபா மாற்றினாள். பெட்டி மறுபடி கணக்குப் போட ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் மாதம் வந்தது. பச்சைப் புள்ளி கிழக்கே கிளம்பியது.

"இன்னும் போவுது!"

"பெட்டி நம்பலை" என்றாள் ஹபீபா. "எழுதிக் கொடுக்கிறதை அது கால் பங்குதான் எடுத்துக்கும். மீதி எல்லாம் கைப்பட்டை. நூத்தி எண்பது நாள்ல நீங்க அம்மாகிட்ட நூத்தி எழுபத்தெட்டு நாள் பேசியிருக்கீங்க."

"நான் போவமாட்டேன்னா போவமாட்டேன்."

"எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க. ஏழாம் மாசம் அம்மா போன்ல அழுதா?"

பூங்கோதைக்குப் பெட்டிமேல் ஆத்திரமாக வந்தது. அது சொன்னது சரி என்பதுதான் ஆத்திரத்துக்குக் காரணம். பிறகு பட்டை இன்னும் கட்டியிருந்த கையால் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றான் திருமாறன்.

"அது நம்புற மாதிரி ஒண்ணு பண்ணணும்ல."

அம்மா வேம்பு போனை எடுத்ததும் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. "என்னடி, இந்நேரத்துல? சோறு தின்னியா? எந்த ஊருன்னு முடிவாயிட்டா?"

"அம்மா, எனக்குப் புள்ள பொறக்குறதுன்னா நான் அங்க வரமாட்டேன்."

வேம்பு சிரித்தாள். "இன்னும் உண்டாவவே இல்ல, அதுக்குள்ளயா? நான் உள்ரூமுக்கு சிமெண்டு பூசி வச்சிருக்கேன்டி. ஈரம் ஏறாது. நீ வந்து படுத்துக்க, மத்ததை நான் பாத்துக்குறேன்."

"உன் வீடெல்லாம் ஒரு வீடா?" பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "சுத்தித் தண்ணி. நடுவுல நீயும் உன் ஆடும். நாலு வருசமா முகாமுக்கு வா வான்னு கெஞ்சுனேன், ஆட்டை யாரு பாப்பான்னு கேட்டியே. ஆட்டையே பாத்துக்க. உன்னை நம்பி வந்தா நான் சாவத்தான் வேணும். இனிமே எனக்குப் போன் பண்ணாத. நானும் பண்ணமாட்டேன்."

அந்தப் பக்கம் ஆடு மட்டும் கத்தியது. அவள் அணைத்துவிட்டாள். பெட்டிக்காகத்தான் பேச ஆரம்பித்தாள், ஆனால் பாதிக்கு மேல் பெட்டிக்காகப் பேசவில்லை. அவ்வளவு நாள் உள்ளே கிடந்த கோபம் வழி கிடைத்ததும் வந்துவிட்டது. அதை நினைக்கத்தான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

ஹபீபா மறுபடி பெட்டியை ஓட்டினாள். இந்த ஏழு நிமிடத்தில் திருமாறன் பூங்கோதையின் தோளைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தான். ஏழாம் மாதம் வந்தது. பச்சை அசையவில்லை. எட்டு. ஒன்பது. ஓசூரில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் மஞ்சள் தோன்றியது. மூன்றும் அப்படியே நின்றன. கோயம்புத்தூரிலும் மூன்றும் நின்றன.

"ரெண்டு ஊருலயும்!" என்று கத்தினான் திருமாறன். அவன் அழுதுகொண்டே சிரித்தான். ஹபீபா காட்சிகளைப் போட்டுக் காட்டினாள். அந்த மகள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் நின்று பூங்கோதை தலை வாரிக்கொண்டிருந்தாள். பூங்கோதை அதையே இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தாள்.

"ஓசூருக்கு மதிப்பெண் எண்பத்திரண்டு, கோயம்புத்தூருக்கு எண்பத்தொண்ணு" என்றாள் ஹபீபா. "இனி எந்த ஊருக்குப் போனா என்ன? நாலு இருபது ஆவுது. ஒண்ணா அழுத்திட்டுக் கிளம்புங்க."

அவள் குரலில் சந்தோசம் இல்லாததைப் பூங்கோதை கவனித்தாள்.

"எங்கம்மாவுக்குப் புள்ளி உண்டா மேடம்?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"உண்டா?"

ஹபீபா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டாள். "அடிக்கடி பேசுற ஆளுக்குச் சாம்பல் நிறத்துல இருக்கும்" என்று தயங்கித் தயங்கி ஒரு பொத்தானைத் தட்டினாள்.

கருவைத்திட்டில் ஒரு சாம்பல் புள்ளி இருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். நவம்பரில் அது இல்லை.

"முகாமுக்குப் போயிருக்குமோ?" என்றாள் பூங்கோதை.

"போனா புள்ளியும் கூடவே போவும்."

"முன்னாடி ஓட்டுனதுல?"

ஹபீபா பழைய கணக்கைக் கொண்டுவந்தாள். அதில் நவம்பரில் சாம்பல் புள்ளி கரையேறி, புயலுக்கு ஒதுங்கும் மண்டபத்தில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். புயல் வரும் என்று அறிவித்த நிமிடத்திலிருந்து பூங்கோதை போனில் கத்துவாள், திட்டுவாள், அழுவாள். கடைசிப் படகில் ஏறிவிட்டேன் என்று அம்மா சொல்கிறவரை விடமாட்டாள். இந்த வருடம் கத்த ஆள் இருக்காது.

"அப்ப நான் போவமாட்டேன்னு சொன்னதை அது நம்பவே இல்ல?"

"இல்லைம்மா" என்றாள் ஹபீபா. "போறதுக்கு அங்க யாரும் இல்ல. அவ்வளவுதான்."

பூங்கோதை கணவனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை வாரிக்கொள்கிற மகள் அங்கே பாதிக் காட்சியில் நின்றிருந்தாள். அவன் பேசாதது அவளுக்குப் பயமாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிடுவானோ, சொன்னால் தானும் பேசாமல் இருந்துவிடுவோமோ என்று பயந்தாள். அம்மாவோடு மறுபடி பேசினால் ஏழாம் மாதம் கிழக்கே போய்விடுவாள், பேசாவிட்டால் நவம்பரில் அம்மா இருக்கமாட்டாள்; பெற்றவளா, பிறக்கப்போகிறவளா என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. கடிகாரம் நாலு முப்பத்தைந்து காட்டியது.

"ஏன் நீதான் போவணுமா?" என்றான் திருமாறன் திடீரென்று. "அவங்க வரக் கூடாதா?"

"எங்க?"

"நம்ம வூட்டுக்கு. பிரசவம் பாக்க."

பூங்கோதை அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவர்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்தை மாப்பிள்ளை வீட்டில் வைத்துப் பார்த்த தாய் கிடையாது. மருமகன் வீட்டில் ஒரு வேளை சோறு தின்றால் மறுவேளைக்குள் கிளம்பிவிடுகிற ஆள் வேம்பு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் மருமகன் எதிரில் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

"பெட்டி அதை ஏன் ஓட்டலை?" என்று ஹபீபாவிடம் கேட்டான்.

"விருந்தினர் அனுமதின்னு ஒண்ணு இருக்கு சார். ஆறு மாசம்வரைக்கும் தங்கலாம். உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தர்கூட அந்தக் கட்டத்தை நிரப்புனதில்லை. நிரப்பாததைப் பெட்டி எங்க கத்துக்கும்?"

பூங்கோதை அம்மாவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை. நான்காவது முறையும் எடுக்காதபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போன் பண்ணாதே என்று சொன்னவள் அவள்தான். சொன்ன வார்த்தையை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"என் போன்ல போடுறேன்" என்றான் திருமாறன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "மாப்ள, சொல்லுங்க." குரல் கம்மியிருந்தது.

அவன் ஒலிபெருக்கியைப் போட்டான். "அத்தை, அவ கோவத்துல பேசிட்டா. மனசுல வச்சுக்காதீங்க. நான் ஒண்ணு கேப்பேன், மறுக்கக் கூடாது. அவளுக்கு ஏழாம் மாசம் ஆனதும் நீங்க எங்க வூட்டுல வந்து இருக்கணும். பிரசவம் முடிஞ்சு, புள்ளைக்குத் தலை நிக்கிறவரைக்கும்."

"என்னா மாப்ள பேசுறீங்க? பொண்ணைக் குடுத்த எடத்துல போயி நான் பிரசவம் பாக்குறதா? எனக்கு வக்கில்லன்னு ஆயிடாது? ஊரே சிரிக்கும்."

"ஊரே தண்ணில போயிட்டு அத்தை. சிரிக்க யாரு இருக்கா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"நான் கூப்புடுறேன்" என்றான் திருமாறன். "அவ கூப்புடல, நான் கூப்புடுறேன். எனக்கு அவளும் வேணும், புள்ளையும் வேணும், நீங்களும் வேணும். எனக்காக வாங்க."

"அம்மா..." என்றாள் பூங்கோதை.

"நீ பேசாத" என்றாள் வேம்பு. "நீ பேசுனதெல்லாம் போதும்."

மணி நாலு ஐம்பத்தொன்று. ஹபீபா விருந்தினர் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கையைப் பொத்தானுக்கு மேலே நிறுத்தியிருந்தாள். "ஏழு நிமிசம் எடுக்கும்" என்றாள் தணிந்த குரலில். "ஓட்டிப் பாத்துட்டு அழுத்தலாம். நேரம் மட்டுமட்டா இருக்கு."

"வேணாம்" என்றாள் பூங்கோதை. "பேரை மட்டும் எழுதிக்கங்க. ஓட்டாதீங்க."

"இதுல என்ன வருதுன்னு தெரிய வேணாமா?"

"வேணாம் மேடம்."

போனில் ஆடு கத்தியது. அதை யாரோ அதட்டினார்கள். கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"எந்த ஊருக்குடி வரணும்?" என்றாள் அம்மா.

திருமாறன் பூங்கோதையைப் பார்த்தான். பூங்கோதை வாயில் வந்த ஊரைச் சொன்னாள்.